மறுநாளுக்கு மறுநாள்

களைப்பு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து உட்கார்ந்தால், நம் தொழிலில் இருப்பவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு சலிப்பு வரும். வராது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். வீங்கிய முழங்காலைத் தொட்டுப் பார்க்கலாம். பக்கவாதத்தில் விழுந்த கையில் ஒரு விரல் கூடுதலாக அசைந்தால் நமக்கே தெம்பு வரும். களைப்பை எங்கே தொடுவது? இரத்தம் சரி, நெஞ்சுப் படம் சரி, தைரொயிட் சரி, ஆள் மட்டும் சரியில்லை. அப்படிப்பட்டவர்களை டொக்டர்மார் கடைசியில் பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்புவார்கள். நமக்குப் பிறகு அனுப்ப வேறு இடம் கிடையாது.

ஓய்வு பெற்றதும் நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். அதுவும் ஒழுங்காக வரவில்லை. இந்த நேரத்தில்தான், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். கருவிகளைப் பற்றியும் முறைகளைப் பற்றியும் என்னைவிட நீங்கள் அதிகம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் ஒரு பெண்ணையும் அவள் புருஷனையும் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் என் பிள்ளைகளின் வயது. அவள், அவன் என்றே எழுதுகிறேன்.

புஷ்பராணி பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவள். புருஷன் செல்வகுமாருக்குப் பண்டாரவளையில் ஓர் இரும்புக் கடையில் வேலை. ஒரு மழைக்காலத்தில் அவர்கள் லயத்தில், தோட்டம் கொடுத்த அந்த வரிசை வீடுகளில், எல்லோருக்கும் காய்ச்சல் வந்து போனது. மற்றவர்கள் எழுந்து மலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். புஷ்பராணிக்குக் காய்ச்சல் விட்டது, களைப்பு விடவில்லை. வேலைக்குப் போவாள், நடு மலையில் கொழுந்துக் கூடையோடு உட்கார்ந்துவிடுவாள். பிறகு சில நாள் படுக்கை. மறுபடியும் போவாள், மறுபடியும் படுக்கை. காய்ச்சல் வந்து ஒரு வருடம் தாண்டிய பிறகுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

கிளினிக் செவ்வாய்க்கிழமைகளில். முதல் நாள் அவளைப் பார்த்தபோது நோயாளி மாதிரியே தெரியவில்லை. வெளுத்த சேலைதான், ஆனால் சுத்தமாக இஸ்திரி போட்டது. தலை இறுக்கப் பின்னி, பின்னலில் ஒரு சிறிய பூ. சொன்னதைச் செய்தாள். படுத்துக் காலை மடக்கி நீட்டச் சொன்னேன், செய்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னேன், அதையும் செய்தாள். வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து காட்டினாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை மிஸ் என்பாள். சிரிப்பாள்.

அவளை அனுப்பிய பெரிய டொக்டர் நல்ல மனிதர், வேலைப் பளுவில் நொந்துபோனவர். பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை, படுத்துப் படுத்து உடம்பு தளர்ந்துவிட்டது, ஒவ்வொரு கிழமையும் பயிற்சியைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள் என்று எழுதியிருந்தார். நானும் மெல்லத்தான் தொடங்கினேன். வந்த போதெல்லாம் அவள் நன்றாகத்தான் இருந்தாள். ஆனாலும் எனக்கு ஏதோ இடித்தது. பயிற்சியில் முன்னேறுகிற ஒருத்தியின் கண் கொஞ்சமாவது தெளியும். இவள் கண் வரவரக் குழி விழுந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் பூனாகலையில் என் சொந்தக்காரர் ஒருவர் தவறிப்போனார். வியாழக்கிழமை அடக்கம். நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான், பிறகு படிப்பு என்னைப் பதுளை டவுனுக்குக் கொண்டுவந்துவிட்டது. அடக்கம் முடிந்து திரும்பும் வழியில், புஷ்பராணியின் லயம் கீழேதான் என்று யாரோ சொன்னார்கள். ஓர் எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன்.

பகல் நேரம். லயத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை, காம்பரா என்போம், அதன் கதவு சாத்தியிருந்தது, ஜன்னலில் சாக்குத் துணி. வெளிச்சம் பட்டால் அவளுக்குக் கண்ணைக் குத்துகிறதாம். செல்வகுமார் கதவைத் திறந்தான். கையில் கஞ்சிக் கோப்பை. என்னைக் கண்டதும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

அவள் கட்டிலில் கிடந்தாள். தலைமுடி சிக்குப் பிடித்துத் தலையணை முழுக்கப் பரந்து கிடந்தது. என்னைப் பார்த்து எழ முயன்றாள். தலை மட்டும் நிமிர்ந்தது, கை ஊன்றவில்லை. செவ்வாய்க்கிழமை என் முன்னால் வராந்தாவில் நடந்தவள் இவள்தான்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் அவன் முந்திக்கொண்டான். நேற்றுக் காலையில் மேட்டுக் கோயில் வரை நடத்திக் கூட்டிப் போனானாம், நன்றாகத்தான் ஏறினாளாம். தோட்டத்து வொலிபோல் அணியில் முன்வரிசையில் நின்று அடித்தவன் அவன். உடம்பை வருத்தினால் உடம்பு தேறும் என்பது அவனுக்குச் சாமி மாதிரி. அவள் எழுந்திருக்கும் நாளெல்லாம், வேலைக்குப் போவதற்கு முன், அவளைக் கையைப் பிடித்து மேடேற்றியிருக்கிறான். அவள் நிற்கும்போது இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முதுகில் கை வைத்துத் தள்ளியிருக்கிறான். அடித்து விரட்டவில்லை. அவ்வளவு ஆசையோடு செய்திருக்கிறான்.

புஷ்பராணி மெதுவாகப் பேசினாள்.

“ஏறுறப்ப ஒண்ணும் தெரியாது மிஸ். அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். மறுநாளும் ஓட்டிருவேன். அதுக்கு மறுநாள் தான் ஆளப் போட்ருது.”

“அப்ப கிளினிக்குக்கு எப்பிடிம்மா வர்ற?”

“முந்தின ரெண்டு நாளும் எந்திரிக்கவே மாட்டேன். அப்பத்தான் உங்க முன்னாடி நிக்க முடியும்.”

ஏன் என்று கேட்டேன். முடியவில்லை என்று சொன்னால் சொன்னதைச் செய்யாதவள் என்று கிளினிக்கை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தாளாம். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஏற்கெனவே சோம்பேறி என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரியும் அப்படிச் சொல்லிவிட்டால் அவளுக்காகப் பேச யாருமில்லை.

இதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நோயாளி நம் முன்னால் நிற்கும் நேரம்தான் அவர் நாள்களிலேயே நல்ல நேரம். அதைப் பார்த்துவிட்டு நாம் தீர்மானம் செய்கிறோம். பயிற்சி செய்யும்போது எப்படி இருந்தது என்று கேட்பது போதாது. மறுநாள் எப்படி என்று கேளுங்கள். மறுநாளுக்கு மறுநாளையும் கேளுங்கள். கேட்டுவிட்டு, கூட வந்தவரின் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

அன்று செல்வகுமாரிடம் மேடேற்றுவதை நிறுத்தச் சொன்னேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

“படுத்தே கெடந்தா இருக்குற தெம்பும் போயிரும்னு கிளினிக்ல நீங்கதானே மிஸ் எல்லாருக்கும் சொல்றீங்க?”

சொல்வதுதான். இடுப்பு உடைந்தவருக்கும் மாரடைப்பு வந்து தேறியவருக்கும் அதைத்தான் சொல்கிறோம். அவர்களுக்கு அது உண்மையும்கூட. இவளுக்கு அது உண்மை இல்லை என்பதை ஒரு கணவனுக்கு, அதுவும் சாக்குத் துணி தொங்கும் காம்பராவில் நின்றுகொண்டு, எப்படிப் புரியவைப்பது? முழுக்கப் படுக்கவைக்கச் சொல்லவில்லை, இவளுடைய உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரியும் வரை பொறுங்கள் என்றேன். தலையாட்டினான். நம்பவில்லை.

அடுத்த கிழமையே பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. வேலைக்கு வராதவர்களின் பெயரைத் தோட்டம் வெட்டப்போகிறது என்றும், புஷ்பராணி திங்கட்கிழமை பெரட்டில் வந்து நிற்க வேண்டும் என்றும் தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார். பெரட்டு என்பது காலையில் ஆள்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அங்கே நிற்காதவளுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாதவர்களுக்கு லயத்தில் காம்பரா இல்லை. செல்வகுமார் வெளியில் வேலை செய்கிறவன், காம்பரா அவள் வேலையை நம்பித்தான் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் இருந்தாள். காம்பரா போனால் மூன்று பேரும் எங்கே போவார்கள்?

இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வேலைக்குப் போகலாம் என்று டொக்டரிடம் துண்டுச் சீட்டு வாங்கித் தரும்படி செல்வகுமார் என்னைக் கேட்டான். புஷ்பராணியும் அதையே கேட்டாள்.

“நான் போறேன் மிஸ். எப்பிடியாச்சும் சமாளிச்சிருவேன்.”

“சமாளிச்சு?”

“அப்பறம் பாத்துக்கலாம்.”

அப்புறம் பார்க்க என்ன மிஞ்சும் என்று நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

பெரிய டொக்டரின் அறைக்குள் போனோம். வெளியே நோயாளிகள் வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. டொக்டர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, அவளுக்கும் போக விருப்பம், கணவனுக்கும் விருப்பம், தோட்டமும் கேட்கிறது, நான் எழுதித் தருவதில் என்ன தடை என்று என்னைக் கேட்டார். பேனா அவர் கையில் இருந்தது.

அந்த அறையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் ஒரே பதிலைக் கேட்கிறார்கள். வெளியே வரிசை நிற்கிறது. இந்த மாதிரி நேரத்தில் நமக்குத் தெரிந்ததைச் சொல்ல வாய் வராது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் அன்றைய நாள் சுலபமாக முடியும். நானும் அன்று மிகவும் களைத்திருந்தேன். ஆனாலும், மலையேறிக் கொழுந்து பறிக்க இவளால் முடியாது, அனுப்பினால் படுக்கையோடு கிடந்துவிடுவாள் என்று சொன்னேன். பூனாகலையில் பார்த்ததையும் சொன்னேன்.

டொக்டருக்கு எரிச்சல் வந்தது. அப்படியானால் ஆயுள் முழுக்க நோயாளி என்று எழுதட்டுமா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். உட்கார்ந்து செய்கிற வேலை, காலை நேரம் மட்டும், மேடும் சுமையும் இல்லாமல் என்றால் பார்க்கலாம் என்றேன். தோட்டத்தில் அப்படி ஒரு வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் புஷ்பராணியைப் பார்த்தார். அவள் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை இறுக்கப் பின்னியிருந்தது.

பிறகு செல்வகுமாரின் பக்கம் திரும்பி, சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் இவள் தன் தலையைத் தானே சீவிக்கொள்கிறாளா?

பண்டாரவளைக் கடையில் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறவன் அவன். அன்று அவனுக்குச் சிங்களம் வரவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

“நான்தான் மிஸ் சீவிப் பின்னி விடுறேன். அவளுக்குக் கை தூக்க வராது.”

அதை நான் டொக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். புஷ்பராணி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் எதற்காக வந்தானோ அதைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டான். அவனுக்கு அது தெரியும். ஆனாலும் பொய் சொல்லவில்லை. இத்தனை வருட வேலையில் எனக்கு அதிகம் மனதில் நிற்கிற பதில் அதுதான்.

டொக்டர் பேனாவை மூடினார். தோட்டத்துக்குப் போன் போட்டுத் துரையோடு வெகுநேரம் பேசினார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் துரை, தேயிலை நாற்றுமேடையில் கன்றுகளுக்கு மண் பை நிரப்புகிற வேலைக்கு, காலை நேரம் மட்டும், அவளைப் போட ஒத்துக்கொண்டார். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. பெயர் வெட்டப்படவில்லை.

பயிற்சியை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் தொடங்கினோம். ஒழுங்காக என்றால், மிகக் குறைவாக. தினமும் நடங்கள் என்று நாம் கொடுக்கிற துண்டுப் பிரசுரங்கள் சமதரையில் இருப்பவர்களுக்கு எழுதியவை. லயத்தில் கக்கூஸுக்குப் போகவே படி இறங்கி ஏற வேண்டும். தண்ணீருக்கு, மலையூற்று விழும் பீலி வரை போக வேண்டும். அதையெல்லாம் முதலில் கணக்கில் எடுத்தேன். நாற்றுமேடை வேலை இருக்கிற நாளில் வேறு பயிற்சி எதுவும் வேண்டாம் என்றேன். இல்லாத நாளில் கட்டிலில் படுத்தபடி காலை மடக்கி நீட்டுவது மட்டும். அதுவும் களைப்பு வருவதற்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். களைத்த பிறகு நிறுத்துவது இவளுக்குத் தாமதம். நிறையப் பொறுத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை என்று பலமுறை பார்த்த பிறகு, கட்டிலிலிருந்து வாசலுக்கு. பிறகு வாசலிலிருந்து பீலி வரை, வெறுங்கையோடு.

கஷ்டம் எங்கே என்றால், நல்ல நாளில்தான். கெட்ட நாளில் அவள் தானாகவே படுத்துக்கொள்வாள். நல்ல நாளில் அவளைப் பிடிக்க முடியாது. இழந்ததையெல்லாம் ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். ஒருநாள் உடம்பு லேசாக இருக்கிறது என்று கம்பளிகளைப் பீலிக்குக் கொண்டுபோய்த் துவைத்துப் போட்டுவிட்டாள். வெயிலில் காயும் கம்பளியைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாம். பிறகு பல கிழமைகள் எழவில்லை. நான் திட்டவில்லை. நீங்களும் திட்டாதீர்கள். கட்டிலிலிருந்து மறுபடியும் தொடங்கினோம், முன்பு தொடங்கியதைவிடக் குறைவாக.

செல்வகுமாருக்கு இது எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. தள்ளிப் பழகியவன் நிறுத்தப் பழக வேண்டும். பாதையில் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, போதும், திரும்பு என்பானாம். அவள் சண்டை பிடிப்பாளாம். அன்றைக்கு ஏறு ஏறு என்று உயிரை வாங்கியது யார் என்று கேட்பாளாம். ஒரு கிளினிக்கில் இரண்டு பேரும் என் முன்னாலேயே சத்தம் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. சண்டை பிடிக்க அவளுக்குத் தெம்பு வந்திருக்கிறது.

முன்பு போல் ஆகிவிடுவாளா என்று அவன் என்னை ஒவ்வொரு தடவையும் கேட்பான், அவள் வெளியே போன பிறகு. தெரியவில்லை தம்பி என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். நம்பிக்கை கொடுக்க வேண்டாமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அவன் இன்னொரு மேட்டில் அவளை ஏற்றிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே நாற்காலியில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாற்றுமேடை வேலை நிலைக்கவில்லை. கன்றுகள் நடவுக்குப் போனதும் அந்த வேலை முடிந்தது. அதற்குள் துரையும் மாறிவிட்டார். புதிதாக வந்தவர், மலைக்கு வராதவளுக்குப் பெயர் வைத்திருக்க முடியாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். டொக்டர் மறுபடியும் போன் போட்டார். பலிக்கவில்லை. நானும் தோட்டத்துக்குப் போய் அலுவலகத்தில் காத்திருந்து பேசிப் பார்த்தேன். காது கொடுத்துக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

செல்வகுமார் கடை வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்தில் தன் பெயரைக் கொடுத்தான். கவ்வாத்துக்குப் போட்டார்கள். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி இறக்குகிற வேலை, தோளையும் இடுப்பையும் முறிக்கும். அவனுடைய அப்பா அந்த வேலையில்தான் முதுகு போய்ச் செத்தவர். மகன் அந்தக் கத்தியைத் தொடக் கூடாது என்று படிக்கவைத்து வெளியே அனுப்பியவர். கிளினிக்குக்கு வந்தவனை ஏன் தம்பி என்று கேட்டதற்கு, காம்பரா வேணுமே மிஸ் என்றான். புஷ்பராணி அன்று வரவில்லை. தான் மலைக்குப் போவதாக வீட்டில் அழுது தீர்த்ததாகவும், இவன் விடவில்லை என்றும் பிறகு தெரிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்னால் அவன் தனியாக வந்தான். அந்தத் தடவை அவனேதான் நோயாளி. வலது தோள் தூக்க முடியவில்லை. கவ்வாத்து வேலைக்காரர்களுக்கு வருகிற வலிதான். படுக்கவைத்துப் பார்த்தேன். கை முழுக்கக் கீறல். பக்கத்து வரிசை ஆள்களோடு போட்டி போட்டு வெட்டியிருப்பாய் என்று சொன்னேன். சிரித்தான்.

புஷ்பராணி எப்படி என்று கேட்டேன். பீலியைத் தாண்டி வளைவு வரை போய் வருகிறாளாம், மகளுக்குத் தலை பின்னி விடுகிறாளாம், சில நாள் சமையலும் அவள்தானாம். சில நாள் ஒன்றும் இல்லையாம், கதவு சாத்தித்தான் இருக்குமாம். கொழுந்துக் கூடையை எடுத்துப் பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாளாம்.

தோளுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லத் தொடங்கினேன். வேலைக்கு நடுவில் கையை எப்போது இறக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனேன். அவன் மரியாதைக்காகக் கொஞ்சம் கேட்டான். பிறகு மெல்ல இடைமறித்தான்.

“தெரியும் மிஸ். வீட்ல அவ தினம் சொல்லித்தான் அனுப்புறா. வலி வர்றதுக்கு முன்னாடியே கத்தியக் கீழ வச்சிரணுமாம்.”

“வைக்கிறியா?”

“எங்க மிஸ். நல்லா வர்ற நாள்ல கை நிக்கமாட்டேங்குது” என்றான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த நோயாளி காத்திருந்தார். நான் அவனை எழுப்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருக்கட்டும் என்று திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.